பஞ்சாரம் ஏன் வளையுது?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ஆக்சுவலி", "அதாவது" எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் எடுத்தாச்சு.)

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் என் அக்கா பொண்ணு. ஏழாவது படிக்கிறா. போன மாசம் அவங்க ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க: "பாரம்பரியக் கைவினைப் பொருள்களில் வடிவியல்". அவளும் ஒரு சார்ட் வாங்கி, கோலம், பத்தமடைப் பாய், மூங்கில் கூடை, தஞ்சாவூர்த் தட்டுன்னு போட்டோ ஒட்டி, ஒவ்வொண்ணுக்கும் கீழ கலர் ஸ்கெட்ச்ல "இதில் சதுரம் உள்ளது", "இதில் வட்டம் உள்ளது"ன்னு எழுதிட்டா. பத்துக்குப் பத்து மார்க்.

"சூப்பர்டி. இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேட்டேன்.

"தட்டு வட்டமா இருக்கும்னு."

"அது முன்னாடியே தெரியாதா?"

"தெரியுமே மாமா. அதான் ஈஸியா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் சங்கடமாவும் இருந்துச்சு. ஏன்னா அந்தச் சார்ட்ல இருந்த கூடைக்குள்ள உண்மையாவே ஒரு பெரிய கணக்கு இருக்கு. அது "இதில் அறுகோணம் உள்ளது" இல்ல. போட்டோவைப் பார்த்தா அது தெரியாது. கையால பின்னிப் பார்த்தாதான் தெரியும், அதுவும் பின்னும்போது தப்பு பண்ணினாதான் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு பாய்

எங்க பாட்டி வீட்டுல கோழி கவுக்கற பஞ்சாரம் ஒண்ணு இருந்துச்சு. மூங்கில் பட்டையில பின்னினது, கவுத்து வச்ச பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும். அதோட ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் ஆறு பக்கம். தேன்கூடு மாதிரின்னு நினைச்சுக்குவேன், அதுக்கு மேல யோசிச்சதில்ல. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் யோசிச்சதில்ல.

இந்தப் பின்னல் ரொம்ப சிம்பிள். சாதாரணப் பாயில பட்டைகள் ரெண்டு திசையில போகும், குறுக்கும் நெடுக்குமா. இதுல மூணு திசை. ஒவ்வொரு திசைக்கும் நடுவுல 60 டிகிரி. பட்டைகள் மேல, கீழ, மேல, கீழன்னு மாறி மாறிப் போகும். இப்படிப் பின்னினா அறுகோண ஓட்டைகள் வரும், அதுகளுக்கு நடுவுல சின்னச் சின்ன முக்கோணங்கள் வரும். ஜப்பான்ல இதுக்குக் ககோமேன்னு பேர். உலகத்துல பல இடங்கள்ல இதே பின்னல் இருக்கு. காரணம், இது கம்மி மூங்கில்ல உறுதியா நிக்கும். மூணு பட்டை ஒண்ணையொண்ணு பூட்டிக்கிறதால எதுவும் நழுவாது.

வீட்டுல வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை இருந்துச்சு. நானும் அவளும் உக்காந்து பின்ன ஆரம்பிச்சோம். கொஞ்ச நேரத்துல ஒரு அழகான பாய் வந்துச்சு. ஆனா நமக்கு வேணுங்கறது கூடை. பாய் வளையவே மாட்டேங்குது. சுருட்டினா குழாய் ஆகும், கிண்ணம் ஆகாது.

ஏன்னு பார்க்கலாம். ஏழாவது கணக்கே போதும். ரெண்டு பட்டை ஒண்ணையொண்ணு வெட்டுற ஒரு புள்ளியை எடுத்துக்கோங்க. அதைச் சுத்தி நாலு வடிவம் இருக்கு: முக்கோணம், அறுகோணம், முக்கோணம், அறுகோணம். சமபக்க முக்கோணத்தோட கோணம் 60. ஒழுங்கான அறுகோணத்தோட கோணம் 120. கூட்டுங்க: 60 + 120 + 60 + 120 = 360. ஒரு புள்ளியைச் சுத்தி 360 டிகிரி சரியா நிரம்பிட்டா அந்த இடம் தட்டையாதான் இருக்கும்.

அவ பண்ணின தப்பு

திடீர்னு அவ பின்னின பக்கம் ஒரு இடத்துல மேடு தட்டிச்சு. கையால அழுத்தினா. அது பக்கத்துல போய் எழும்புச்சு. மறுபடியும் அழுத்தினா, மறுபடியும் எழும்புச்சு. "மாமா, இது கெட்டுப் போச்சு, முதல்ல இருந்து போடலாம்"ன்னா.

எண்ணிப் பார்த்தோம். அந்த ஓட்டையைச் சுத்தி ஆறு பட்டைக்குப் பதிலா அஞ்சுதான் இருந்துச்சு. ஒண்ணை விட்டுட்டா. அதனால அறுகோணம் ஐங்கோணம் ஆயிடுச்சு.

இப்போ அந்த ஓட்டையோட ஓரத்துல இருக்கற புள்ளிகள்ல ஒண்ணை எடுங்க. ஐங்கோணத்தோட கோணம் 108. அப்போ 60 + 120 + 60 + 108 = 348. முழுசா 360 வேணும், 12 டிகிரி குறையுது. ஐங்கோணத்துக்கு அஞ்சு முனை, 12 × 5 = 60. ஆக ஒரு ஐங்கோணம் வந்தா மொத்தம் 60 டிகிரி காணாம போகுது.

இதைச் சாப்பாட்டுல சொல்றேன். ஹோட்டல்ல குழந்தைங்களுக்குன்னு கோன் தோசை தருவாங்கல்ல? ஒரு வட்டத் தோசையில ஆறுல ஒரு பங்கை வெட்டி எடுத்துட்டு, வெட்டின ரெண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிங்க. தோசை தட்டுல படியாது, கூம்பா எழும்பும். ஆறுல ஒரு பங்குன்னா எவ்வளவு? சரியா 60 டிகிரி. ஐங்கோணம் பண்றதும் அதேதான்.

அதனாலதான் அழுத்தினாலும் அடங்கல. 60 டிகிரி குறையற ஒரு பரப்பைத் தட்டையாக்கவே முடியாது. மேட்டை ஒரு இடத்துல அமுக்கினா அது வேற இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அவ பண்ணினது தப்பே இல்ல, கூடைக்குத் தேவையான வளைவு அதுல இருந்துதான் வருது. கூடைக்காரங்க ஒரு மூலையைத் திருப்பணும்னா அங்க ஒரு ஐங்கோணத்தை வேணும்னே வைப்பாங்க. பட்டைகளை நெருக்கிப் பின்னியும் வளைக்கலாம்தான், ஆனா ஐங்கோணம் வச்ச மூலை தானாவே நிக்கும்.

எதிர்ப்பக்கமும் முயற்சி பண்ணினோம். ஒரு ஓட்டையைச் சுத்தி ஏழு பட்டை வச்சோம். இப்போ கோணம் 360-ஐத் தாண்டிடுது, மொத்தத்துல 60 டிகிரி அதிகம். இடம் பத்தாம அந்தப் பகுதி குதிரைச் சேணம் மாதிரி முறுக்கிக்குச்சு, ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. வாய் விரிஞ்ச கூடை வேணும்னா அதுதான் வழி.

எத்தனை வச்சா பந்து?

இப்போ அவளே கேட்டா: "அஞ்சு அஞ்சா வச்சுக்கிட்டே போனா முழுசா மூடிக்குமா? எத்தனை வேணும்?"

இந்தக் கேள்விக்கு மலேசியாவுல எந்த ஸ்கூல் மைதானத்துலயும் பதில் கிடைக்கும். அங்க செபாக் தக்ராவ் ஆடுவாங்க. வாலிபால் மாதிரி வலை கட்டி, ஆனா கையால தொடாம காலாலயும் தலையாலயும் ஆடற ஆட்டம். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில இருந்து அதுலயும் இருக்கு, 2018 போட்டியில இந்திய ஆண்கள் அணி இதுல வெண்கலம் வாங்குச்சு. அந்தப் பந்து ரொம்ப காலம் பிரம்புல பின்னினது, இப்போ செயற்கை நார். ஆனா பின்னல் அதே பின்னல். சர்வதேச விதியிலயே எழுதியிருக்கு: பந்துல 12 ஓட்டை, 20 சந்திப்பு இருக்கணும்.

அந்த 12 ஓட்டையும் ஐங்கோணம். 20 சந்திப்புங்கறது மூணு பட்டைகள் ஒண்ணையொண்ணு பூட்டிக்கிற முக்கோண இடங்கள்.

ஏன் 12? பத்தோ, பதினஞ்சோ ஏன் இல்ல? இங்கதான் கைவேலை நின்னு, கணக்கு கையைப் பிடிச்சுக்குது.

ஒரு கனசதுரத்தை, அதாவது லூடோ பகடையை எடுங்க. ஒவ்வொரு மூலையிலயும் மூணு சதுரம் சேருது: 90 × 3 = 270. 360-க்கு 90 குறையுது. எட்டு மூலை, 90 × 8 = 720. சரி, நாலு முக்கோணத்தால ஆன பிரமிடை எடுங்க. ஒவ்வொரு மூலையிலயும் 60 × 3 = 180, குறையறது 180. நாலு மூலை, 180 × 4 = 720. மறுபடியும் அதே எண்! எட்டு முக்கோணம் சேர்ந்த எண்முகி? ஒவ்வொரு மூலையிலயும் 60 × 4 = 240, குறையறது 120. ஆறு மூலை, 720.

பந்து மாதிரி, நடுவுல துளை இல்லாம மூடின எந்தப் பலமுகத் திண்மத்தை எடுத்தாலும் மூலைகள்ல குறையற மொத்தக் கோணம் 720. இதை 17-ஆம் நூற்றாண்டுல டெகார்ட் கண்டுபிடிச்சார். இதோட இரட்டைப் பிறவிதான் 1750-ல ஆய்லர் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதின கடிதத்துல சொன்ன விஷயம்: முனைகளோட எண்ணிக்கையில இருந்து விளிம்புகளைக் கழிச்சு, முகங்களைக் கூட்டினா எப்பவும் 2. நம்ம பாடப் புத்தகத்துல பெட்டி போட்டு இருக்கும், மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்த 2-ஐ 360-ஆல பெருக்கினா வர்றதுதான் 720.

இப்போ நம்ம கூடைக்கு வாங்க. அறுகோணம் எவ்வளவு வச்சாலும் குறைவு பூஜ்யம். ஐங்கோணம் ஒண்ணுக்கு 60. மொத்தம் 720 வேணும். 720 ÷ 60 = 12.

அறுகோணம், ஐங்கோணம் மட்டும் வச்சுப் பின்னற வரைக்கும், பந்து சின்னதா இருந்தாலும் பெருசா இருந்தாலும், மலேசியாவுல பின்னினாலும் மதுரையில பின்னினாலும், 12-க்கு மேலயும் முடியாது, கீழயும் முடியாது. 1970 உலகக் கோப்பையில வந்த கறுப்பு வெள்ளை கால்பந்து ஞாபகம் இருக்கா? 20 வெள்ளை அறுகோணம், கறுப்பு ஐங்கோணம் எத்தனை? 12.

நோபல் பரிசு வாங்கினவங்களும் இங்கதான் மாட்டினாங்க

1985-ல அமெரிக்காவுல ரைஸ் பல்கலைக்கழகத்துல ஹாரி குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி குழு 60 கார்பன் அணு சேர்ந்த ஒரு மூலக்கூறைப் பார்த்தாங்க. அது என்ன வடிவம்னு புரியல. ஸ்மாலி ராத்திரி வீட்டுல பேப்பர்ல அறுகோணங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார். மூடவே இல்ல. அப்புறம் ஐங்கோணங்களைச் சேர்த்தார். 12 ஐங்கோணம், 20 அறுகோணம், சரியா 60 முனை, கச்சிதமா மூடிக்குச்சு. அந்த மூலக்கூறுக்காக மூணு பேருக்கும் 1996-ல வேதியியல் நோபல்.

முதல்ல அறுகோணத்தை மட்டும் வச்சு மல்லுக்கட்டினாரே, அந்த இடத்துல பஞ்சாரம் பின்னற ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா, "தம்பி, அஞ்சு வைக்காம மூலை திரும்பாது"ன்னு சொல்லியிருப்பார்.

ரெண்டு பக்கமும் வழுக்கும்

இங்க கொஞ்சம் கவனமா பேசணும். அடுத்த வரி வாட்ஸ்அப் ஃபார்வர்டா மாறிடற ஆபத்து இருக்கு. "நம்ம முன்னோர்களுக்கு ஆய்லர் தேற்றம் அன்னிக்கே தெரியும்!" அப்படின்னு. தெரியாது. எங்க பாட்டிக்கும் தெரியாது, பஞ்சாரம் பின்னிக் குடுத்தவருக்கும் தெரியாது. மூலைக்கு அஞ்சு வேணும்னு அவருக்குத் தெரியும். "எப்பவும், எங்கேயும் 12தான், அதுக்குக் காரணம் இது" அப்படிங்கறது வேற விஷயம், அதுக்கு நிரூபணம் வேணும்.

ஆனா "கூடைக்காரருக்கு என்ன கணக்கு தெரியும்?"னு கேக்கறதும் அதே அளவு தப்பு. இதைப் பத்தி ரொம்ப ஆழமா யோசிச்சவர் பவுலஸ் கெர்டஸ். நெதர்லாந்துல பிறந்து, மொசாம்பிக் நாட்டுல வாழ்ந்து, அங்கேயே கணித ஆசிரியர்களை உருவாக்கினவர். 1975-ல போர்ச்சுகல்கிட்ட இருந்து மொசாம்பிக் விடுதலை வாங்கினப்போ எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களே ரொம்பக் கம்மி. கணக்குங்கறது வெள்ளைக்காரங்க கொண்டு வந்த பொருள், நமக்கு வராதுங்கற பயம் பலருக்கு இருந்துச்சு.

கெர்டஸ் ஊர் ஊரா கைவேலைகளைப் பார்த்தார். வடக்கு மொசாம்பிக்ல சுமை தூக்கற லிட்டெங்கா கூடையிலயும், மீன் பிடிக்கற லெமா பொறியிலயும் நம்ம பஞ்சாரத்தோட அதே அறுகோணப் பின்னல். வீடு கட்டறவங்க செவ்வகம் போடற முறையையும் பார்த்தார். ஒரே நீளத்துல ரெண்டு கயிறு, ரெண்டையும் சரியா நடுவுல சேர்த்துக் கட்டணும். வீட்டோட அகலத்துக்கு ஒரு மூங்கிலைத் தரையில வச்சு, அதோட ரெண்டு முனையிலயும் முளை அடிச்சு, ஒவ்வொரு கயிறோட ஒரு நுனியை ஒவ்வொரு முளையில கட்டணும். மத்த ரெண்டு நுனியையும் இறுக்கி இழுத்து அங்க முளை அடிச்சா, நாலு முளையும் செவ்வகம். மட்டம் வேண்டாம், கோணமானி வேண்டாம். மூலைவிட்டங்கள் சமமா இருந்து, நடுவுல ஒண்ணையொண்ணு வெட்டினா அது செவ்வகம்தான். நம்ம ஊர்க் கொத்தனாரும் அஸ்திவாரம் போடும்போது டேப்பைப் பிடிச்சு ரெண்டு மூலைவிட்டமும் சமமான்னு பார்ப்பார். அதே தேற்றம்.

கெர்டஸ் சொன்னது சுருக்கமா இதுதான்: இன்னிக்கு வழக்கப்படி பின்னிட்டிருக்கற ஒருத்தர் அந்த நேரத்துல கணக்கு போடறார்னு சொல்ல முடியாது. ஆனா அந்த முறையை முதன்முதலா கண்டுபிடிச்சவர் கணிதம்தான் பண்ணியிருக்கார். அவரோட யோசனை அந்தக் கூடைக்குள்ள உறைஞ்சு கிடக்கு. வகுப்பறையோட வேலை அதை உருக வைக்கறது.

எங்க துறையில இதுக்கு நல்ல உவமை இருக்கு. யாரோ எழுதின லைப்ரரியை நாம தினமும் கால் பண்றோம். அதனால அந்த அல்காரிதம் நமக்குத் தெரியும்னு ஆகாது. ஆனா யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சுதான் அதை எழுதியிருக்கார், இல்லையா? அவரோட பேர் கூடையில எழுதலைங்கறதால அவர் யோசிக்கலைன்னு ஆகாது.

அதனால சார்ட்ல போட்டோ ஒட்டறதுல எனக்கு இருக்கற பிரச்சினை இதுதான். அது கைவினையையும் மதிக்கல, கணக்கையும் மதிக்கல. கூடைக்காரர் யோசிச்சது அதுல இல்ல, குழந்தை யோசிக்க வேண்டியதும் அதுல இல்ல. அறுகோணம்னு பேர் சொல்லத் தெரிஞ்சா போதும்னு ஆயிடுது. பின்னும்போது மட்டும்தான் பொருள் நம்மகிட்ட "முடியாது"ன்னு சொல்லும். ஏன் முடியாதுன்னு கேட்டா கணக்கு ஆரம்பிக்குது.

நீங்களே பண்ணிப் பாருங்க

ஆறு பட்டை வேணும். கெட்டியான சார்ட் பேப்பர் போதும், ஒவ்வொண்ணும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஸ்கேல் நீளம். துணி காயப்போடற கிளிப் ஒரு டஜன்.

அஞ்சு பட்டையை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு கோத்து, நடுவுல ஒரு ஐங்கோண ஓட்டை வர்ற மாதிரி வைங்க. அந்த ஓட்டையைச் சுத்தி ஒவ்வொரு ஜோடிப் பட்டையும் வெட்டிக்கிற இடத்துல கிளிப் போடுங்க. பட்டைகளைக் கீழ வளைச்சு, வெளியிலயும் ஐங்கோணம் ஐங்கோணமா வர்ற மாதிரி கோத்துக்கிட்டே வாங்க. ஆறாவது பட்டை பந்தோட இடுப்பைச் சுத்தி ஒட்டியாணம் மாதிரி வரும். கடைசியில அதே அஞ்சு பட்டைகள் கீழ சேர்ந்து இன்னொரு ஐங்கோணத்தை மூடும். ஒவ்வொரு பட்டையும் தன்னோட நுனியையே வந்து தொடும், அங்க ஒரு மூணு சென்டிமீட்டர் மேல ஏத்தி ஒட்டிடுங்க. எப்பவும் ஒரே விதி: மேல போனா அடுத்தது கீழ. முதல் தடவை சிக்கலாகும், பரவாயில்ல, கிளிப்பை எடுத்துட்டு மறுபடியும் கோத்துக்கோங்க.

முடிச்சதும் எண்ணிப் பாருங்க. ஓட்டை 12. முக்கோணம் 20. பட்டைகள் வெட்டிக்கிற இடம் 30. ஒவ்வொரு வெட்டுப் புள்ளியிலயும் 108 + 60 + 108 + 60 = 336, குறையறது 24. 24 × 30 எவ்வளவுன்னு நான் சொல்லப் போறதில்ல.

என் அக்கா பொண்ணு ரெண்டு ராத்திரி போராடி அந்தப் பந்தை முடிச்சா. முடிச்சுட்டு அதைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டே, "மாமா, அந்தப் பஞ்சாரம் பாதிப் பந்துதானே, அப்போ அதுல ஆறு அஞ்சு இருக்கணுமா?"ன்னு கேட்டா.

நல்ல கேள்வி. வாய் திறந்த கூடைக்கு 720 முழுசா தேவையில்ல. ஓரம் நேரா கீழ இறங்கினா ஆறு வேணும், விரிஞ்சு போச்சுன்னா அதை விடக் கம்மி போதும். எங்க பாட்டி வீட்டுப் பஞ்சாரத்துல எத்தனைன்னு எனக்கு ஞாபகம் இல்ல. அது இப்போ இருக்கான்னும் தெரியல. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ தேடிப் பார்த்து எண்ணிட்டு வர்றோம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

உங்க வீட்டுலயோ, தெரு முனைக் கடையிலயோ ஆறு பக்க ஓட்டை போட்ட கூடை ஏதாவது இருந்தா, அது வளையற இடத்துல போய் எண்ணிப் பாருங்க. முடிஞ்சா பின்னினவர்கிட்டயே "இங்க ஏன்ணே அஞ்சு வச்சீங்க?"ன்னு கேளுங்க. அவர் என்ன பதில் சொன்னார்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.